வேலிக்கால் எந்த மரத்தில்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தோட்டத்துக்குச் சவுக்குக் கால் நட்டேன். இரண்டே வருடத்தில் வரிசையாக முறிந்துவிட்டன. தோண்டிப் பார்த்தால் மண்ணுக்குள் இருந்த அடித்துண்டு கெட்டியாகவே இருக்கிறது. இது எப்படி?

எல்லாக் கால்களும் தரைமட்டத்தில்தானே முறிந்தன? மரத்தை அழுக வைப்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டடி ஆழத்தில் ஈரம் இருக்கும், காற்று குறைவு. மேலே காற்று இருக்கும், ஆனால் மழை விட்டதும் மரம் காய்ந்துவிடும். மண்ணும் வெளியும் சேரும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் இரண்டும் விடாமல் கிடைக்கின்றன. கறையான் ஏறுவதும் அதன் வழியாகத்தான். காற்றிலும் மாடு உரசும்போதும் வேலி ஆடுகிறதே, அந்த இழுப்பைப் பெரும்பாலும் தாங்குவதும் அதே இடம்தான்.

சவுக்கு சாரம் கட்ட அருமையான மரம், மண்ணில் ஊன்றி வைக்க ஏற்றதல்ல. மறுபடி நடும்போது மர வகையைக் கேட்பதோடு நிறுத்தாமல், காலின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் நிறம் கூடி இருப்பது வைரம், சுற்றிலும் வெளுத்திருப்பது வெளிறு. எந்த மரமானாலும் வெளிறு மண்ணில் நிற்காது. 5 அங்குலக் குறுக்களவுள்ள காலில் சுற்றிலும் 1 அங்குலம் வெளிறு என்றால், மிஞ்சும் வைரம் 3 அங்குலம். பரப்பில் கணக்குப் போட்டால் 36 சதவீதம்தான். நீங்கள் முழுக்காலுக்குக் காசு கொடுக்கிறீர்கள், நாளைக்கு வேலியைத் தாங்கப்போவது அந்த 36 சதவீதம். அதனால்தான் தோப்பில் கழித்துவிட்ட இளந்தேக்குக் கம்பை 'தேக்கு' என்ற பெயருக்காக வாங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அதைவிட முற்றிய சீமைக் கருவேலத்தின் செவ்வைரம் எவ்வளவோ மேல். வேலிக்காத்தான் என்று அதற்குப் பெயர் இருக்கிறது. கால் கோணலாக இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வேப்பமரத்தைக் கறையான் தொடாதாமே? வேப்பங்கால் போடலாமா?

கசப்பு இருப்பதால் வந்த நம்பிக்கை இது. வேம்பின் வைரத்தைக் கறையான் எளிதில் நெருங்காது என்பது ஓரளவு சரி. வேலிக்கு நாம் வெட்டுவதோ கைத்தடிமனுள்ள கிளைகள். அவை பெரும்பாலும் வெளிறுதான், அதைக் கறையான் தின்னும். முற்றிய மரத்தில் அறுத்த கால் கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள். எந்தக் காலானாலும் பட்டையை முழுவதும் உரித்துவிட்டே நட வேண்டும். பட்டைக்கு அடியில் ஈரம் தங்கும், பூச்சி குடியேறும்.

பழைய வீட்டைப் பிரித்ததில் கூரை தாங்கிய பனங்கைகள் (பனைமரச் சட்டங்கள்) கிடைத்தன. காலாக நடலாமா?

நடலாம். பனைக்கு வைரம் வெளிப்புறத்தில் இருக்கிறது, உள்ளே வெறும் சோறு, அதாவது மெத்தென்ற நடுப்பகுதி. கருத்த, கனத்த துண்டுகளாகப் பொறுக்கி, சோற்றுப் பகுதியைச் செதுக்கி எறிந்துவிடுங்கள். வேலிக்காகப் பச்சைப் பனையை மட்டும் வெட்டாதீர்கள். மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். அனுமதியே கிடைத்தாலும், ஒரு பனை வளர எத்தனை வருடம் என்று எண்ணிப் பாருங்கள்.

அடியில் தார் பூசவா, பழைய இன்ஜின் ஆயில் பூசவா? சிமென்ட் போட்டு நட்டால் அழுகாதா?

இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். மரத்துக்குள் அதிகம் இறங்காது, அதிலுள்ள உலோகக் கழிவு உங்கள் மண்ணில் சேரும். தார் பூசலாம், ஆனால் நன்கு காய்ந்த மரத்தில் மட்டும். பச்சைக் கட்டையில் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே இற்றுப்போகும். தரைமட்டத்துக்குக் கீழே ஒரு முழம், மேலே அரை முழம் பூசினால் போதும்.

சிமென்டை அடியிலும் சேர்த்து அடைத்தால் அது கிண்ணம்போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். குழியின் அடியில் ஒரு சாண் ஜல்லி போட்டு, கால் அதன்மேல் உட்காரட்டும். சுற்றி மட்டும் சிமென்ட் போட்டு, மேல்முகத்தைச் சரிவாக இழுத்துவிடுங்கள். 7 அடிக் காலுக்கு 2 அடி மண்ணுக்குள் இருக்க வேண்டும். கம்பியின் இழுவை மூலைக்கால்களில்தான் விழுகிறது. அவற்றைத் தடிமனாகப் பார்த்து, இரண்டு பக்கமும் முட்டுக்கால் கொடுங்கள்.

பச்சை நிறம் ஏறிய, மருந்தேற்றிய கால்கள் மலிவாக வருகின்றன. காய்கறித் தோட்டத்துக்குப் பாதுகாப்பா?

அது பெரும்பாலும் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தாக இருக்கும். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோன்டி காமேசம் 1933இல் உருவாக்கியது. உலகம் முழுக்கப் பரவிய நம் நாட்டுக் கண்டுபிடிப்பு. மண்ணில் பல வருடம் நிற்கும். ஆனால் ஆர்செனிக் விஷம். வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்கு இதை ஏற்றுவதை அமெரிக்காவில் 2003 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். எல்லையோர முள்கம்பி வேலிக்குச் சரி, கீரைப் பாத்தியை ஒட்டி வேண்டாம். அறுத்த துண்டுகளை அடுப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள், புகையும் சாம்பலும் விஷம்.

காங்கேயம் பக்கம் மூன்று ஏக்கர் மேட்டுக்காடு. கால் வாங்கக் காசு போதவில்லை.

உங்கள் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! கொறங்காடுகளை, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்கும் முள்கிளுவை வேலிகளைப் பாருங்கள். மழைக்கு முன் பக்கத்து நிலத்தில் போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) வெட்டி வாங்கி நெருக்கமாக ஊன்றுங்கள். தலைகீழாக நட்டால் வேர் பிடிக்காது, அடிப்பக்கம் கீழே இருக்கட்டும். கழிக்கும் தழை ஆட்டுக்கு ஆகும். நடுநடுவே ஒதியன், பூவரசு போத்துகளை நட்டால் அவையே உயிருள்ள கால்கள். அவற்றில் கம்பியை நேராக அடிக்காதீர்கள், மரம் பருக்கும்போது கம்பியை விழுங்கிவிடும். ஒரு ரீப்பர் கட்டையை மரத்தில் அடித்து, அதன்மேல் கம்பியைப் பிடியுங்கள்.