முதல் சந்திப்பு எங்கே?

கேள்வி: டேட்டிங் ஆப்பில் பொள்ளாச்சிக்காரர் ஒருவருடன் மூன்று வாரமாகப் பேசுகிறேன். நேரில் பார்க்க, அவருடைய நண்பர் வீட்டுக்கு வரச் சொல்கிறார். போகலாமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வீட்டுக்கு வேண்டவே வேண்டாம் அம்மா. தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயம்தான் நம் ஊர்ப் பெண்களை நாலு சுவருக்குள் தள்ளுகிறது. அந்தப் பயத்தைவிட மூடிய கதவு ஆபத்தானது.

முதலில் பத்து நிமிஷம் வீடியோ கால் பேசுங்கள். 'கேமரா ரிப்பேர்' என்று இரண்டாம் தடவையும் தட்டிக்கழித்தால் அதோடு விட்டுவிடுங்கள். அவர் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே முகம் வேறு பெயரில் வந்தால் திருட்டுப் படமாக இருக்கலாம்.

இடத்தை நீங்கள் சொல்லுங்கள். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டமுள்ள ஓட்டல், காலை பதினொரு மணி, ஒரு காபி போதும். கோபாலபுரம் வழியாகத் திரும்பும் பஸ் நேரத்தை முன்பே விசாரித்து வையுங்கள். பஸ்ஸை விட்டுவிட்டு அவர் பைக்கில் ஏறும் நிலை வரக்கூடாது. வாட்ஸ்அப் லைவ் லொகேஷனில் 15 நிமிஷம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவு உண்டு. எட்டு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்துத் தோழிக்கு அனுப்புங்கள். ஒரு மணி நேரம் வைத்தால் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

அவசரத்துக்கு 112, தமிழ்நாடு, கேரளா என எல்லைக்கு இருபுறமும் அதே எண்தான். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள்.