பழைய பேஸ்பால் அட்டைகளை முதலீடாக வாங்கலாமா? ஒகையோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப்போகும் பக்கத்து வீட்டுப் பெரியவர், தம்மிடமுள்ள, ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பேஸ்பால் அட்டைகளை 1,500 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார் என்றும், அவற்றில் 1968, 1987 ஆகிய ஆண்டுகளில் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட செட்டுகள் முழுமையாக இருக்கின்றன என்றும் எழுதியிருந்தீர்கள். மகனின் கல்லூரிச் செலவுக்கு இது முதலீடாகுமா என்பது உங்கள் கேள்வி. பல காலமாக இங்கே வாழ்ந்து, இந்த அட்டைகளைச் சேர்த்தும் வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

1987 செட்டைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அதில் 792 அட்டைகள் இருந்தாலும், மொத்தமாக விற்றால் உங்கள் குடும்பம் ஒரு வேளை வெளியே சாப்பிடும் செலவுக்கு மேல் பெரிதாகத் தேறாது. பழைய அட்டைகள் நல்ல விலைக்குப் போவதை 1980-களில் கண்ட மக்கள் புதிய அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமலே அடுக்கி வைத்தார்கள். நிறுவனங்களும் அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளின. எல்லோர் வீட்டிலும் பத்திரமாக இருக்கிற பொருளை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்?

இதற்கு நேர்மாறானது 1952 டாப்ஸ் செட். 407 அட்டைகள் கொண்ட அந்தச் செட்டில் 311-ஆம் எண் தொடங்கி வருபவை ஆட்டப் பருவம் முடியும் தறுவாயில் கடைக்கு வந்ததால் தேங்கிப்போயின. அந்தச் செட்டை உருவாக்கிய சை பெர்கர், விற்காமல் கிடந்த பெட்டிகளைப் பல ஆண்டுகள் கழித்துப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகப் பின்னாளில் சொன்னார். அந்தக் கடைசி வரிசையின் முதல் அட்டைதான் புகழ்பெற்ற ஆட்டக்காரர் மிக்கி மேண்டிலுடையது. அதன் மிகச் சிறந்த பிரதிகளுள் ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதே அட்டை கசங்கி, மூலை மழுங்கியிருந்தால் அந்த விலையில் நூறில் ஒரு பங்குகூடக் கிடைக்காமல் போகலாம். அட்டையின் வயதைவிட அதன் நிலைமைக்கே இந்தச் சந்தையில் மதிப்பு அதிகம்.

இப்போது 1968 செட்டுக்கு வருவோம். சாக்குத் துணி போன்ற விளிம்புடைய 598 அட்டைகள். சேகரிப்பவர்களில் சிலருக்கு அந்த விளிம்பு பிடிக்காது. எனக்கு மிகவும் பிடித்த செட்டுகளில் அது ஒன்று. வில்லி மேஸ், ஹேங்க் ஆரன், ராபர்ட்டோ கிளெமென்டே, மேண்டில் ஆகிய நால்வரும் ஒரே செட்டில் இருக்கிறார்கள். ஆனால் விலையின் பெரும்பங்கைத் தாங்கி நிற்பது 177-ஆம் எண் அட்டை. மெட்ஸ் அணியின் புதுமுகங்களாக ஜெர்ரி கூஸ்மனும் நோலன் ரையனும் அருகருகே இருக்கும் அட்டை அது. ரையனின் ரூக்கி அட்டை, அதாவது புதுமுகமாக வந்தபோது வெளியான அட்டை, என்பதே அதன் சிறப்பு. அடுத்த இடம் ஜானி பெஞ்சின் ரூக்கி அட்டையான 247-க்கு. மீதமுள்ள சாதாரண ஆட்டக்காரர்களின் அட்டைகள், நடுத்தர நிலைமையில் இருந்தால், தனித்தனியே மிகச் சொற்பமாகவே விலைபோகும்.

ஆகவே 177-ஐ உறையிலிருந்து எடுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பிடித்தால் நேராகப் பார்க்கும்போது தெரியாத மடிப்புக் கோடுகள் தெரியும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்ததால் ஓரங்களில் சிறு பள்ளங்கள் விழுந்திருக்கும். படம் நான்கு பக்கமும் ஒரே அளவு இடைவெளியோடு நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த அட்டைக்குப் போலிகள் உண்டு. நல்ல பூதக்கண்ணாடியில் பார்த்தால் அசல் அட்டையில் படம் புள்ளி புள்ளியாகவும், கறுப்பு எழுத்து புள்ளியில்லாமல் ஒரே மையாகவும் இருக்கும். எழுத்தும் புள்ளிகளாகச் சிதறியிருந்தால் சந்தேகப்படுங்கள். பிஎஸ்ஏ, எஸ்ஜிசி போன்ற நிறுவனங்கள் அட்டையைச் சோதித்து, பத்துக்கு மதிப்பெண் இட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் மூடித் தரும். ரையன், பெஞ்ச் போன்ற சிலவற்றை மட்டும் அனுப்பினால் போதும். சாதாரண அட்டைகளுக்குச் சோதனைக் கட்டணமே அட்டையின் விலையை மிஞ்சிவிடும். விலை தெரிய வேண்டுமானால் ஈபேயில் விற்பவர் கேட்கும் தொகையை நம்பாமல், விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள்.

கல்லூரிச் செலவுக்கு இது ஏற்ற வழியன்று. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து லாபத்துக்கு விற்றால், சேகரிப்புப் பொருள் என்பதால் மத்திய வரி 28 விழுக்காடு வரை போகலாம். பங்குகளுக்கு உச்ச வரம்பு அதைவிடக் குறைவு. விற்றுத் தருபவரின் தரகும் சேரும். அந்தப் பணத்தை, கல்விச் செலவுக்கென்றே உள்ள 529 என்ற வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு, உங்களுக்கோ மகனுக்கோ இந்த ஆட்டத்தின்மேல் ஆசை இருந்தால் மட்டும் அட்டைகளை வாங்குங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரையன் அட்டை அசலாகவும் நல்ல நிலைமையிலும் இருந்தால், பெரியவர் கேட்கும் விலை செட்டின் மதிப்பைவிட மிகக் குறைவாக இருக்கக்கூடும். அப்போது பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். விற்று முடிந்த விலைகளை அவருக்கும் காட்டி, அவர் மகளையும் உடன் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

வாங்கிய பிறகு வீட்டின் நிலத்தடி அறையில் வைக்க வேண்டாம். ஒகையோவின் கோடை ஈரத்தில் அட்டைகள் வளைந்துவிடும். பழைய பைண்டரில் பிவிசி உறைகள் இருந்தால் அவை நாளடைவில் பிசுபிசுத்து அட்டையில் ஒட்டிக்கொள்ளும். உடனே பாலிப்ரொப்பிலீன் உறைகளுக்கு மாற்றிவிடுங்கள்.