நாற்று விடக் கடையில் விற்கும் மண்கலவை வாங்கலாமா, வீட்டு மண்ணே போதுமா?

வாங்கலாம். ஆனால் செம்மண், தொழு உரம் கலந்து மூட்டையில் 'மண்கலவை' என்று விற்பதை வாங்காதீர்கள். நாற்றுக்காக நான் காசு கொடுத்து வாங்குவது தென்னை நார்க்கழிவு, அதாவது கோகோபீட் மட்டும்தான். இது புரிவதற்குள் மாடியில் இரண்டு ஆடிப்பட்டம் போய்விட்டது.

முதல் வருடம் பக்கத்து நர்சரியில் செம்மண், மணல், தொழு உரம் கலந்த மூட்டை ஒன்று எடுத்து வந்தேன். கையில் அள்ளினால் கறுப்பாக, புட்டு மாவு மாதிரி உதிர்ந்தது. தக்காளியும் கத்தரியும் அழகாக முளைத்தன. பத்தாம் நாள் காலை பார்த்தால் பாதி நாற்று படுத்துக் கிடக்கிறது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக மெலிந்திருந்தது. நாற்றழுகல். அதற்குக் காரணமான பித்தியம் போன்ற பூஞ்சை மாதிரியான கிருமிகள் மண்ணிலேயே இருப்பவை. ஈரம் தேங்கினால் இளந்தண்டைப் பிடித்துக்கொள்ளும். மீதி மூட்டையைக் கொட்டினால் விரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள். சாணம் சரியாக மக்கவில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? கூடவே இலவசமாகக் கோரைக்கிழங்கு வேறு. அந்தக் கோரை இன்னும் மாடியை விட்டுப் போகவில்லை.

மறு வருடம் கோகோபீட் கட்டி வாங்கினேன். அவசரத்தில் ஊறவைத்ததோடு சரி, கழுவவில்லை. மிளகாய் முளைத்தது, விதையிலை நுனி கருகி, வளராமல் அப்படியே நின்றது. உப்புதான் காரணம். நார்க்கழிவில் பொட்டாசியமும் சோடியமும் இயல்பாகவே அதிகம். பாக்கெட்டில் 'லோ இ.சி.', அதாவது உப்பு குறைவு என்று போட்டிருந்தால் ஓரளவு கழுவியது என்று அர்த்தம். இருந்தாலும் நான் ஒரு தடவை கழுவிவிடுவேன். முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கும். நிறம் வெளுப்பதை மட்டும் நம்பாமல், குடிநீரில் கரைந்த உப்பின் அளவைப் பார்க்க வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரை வடித்த தண்ணீரில் வைத்துப் பார்ப்பேன். கழுவ எடுத்த தண்ணீர் காட்டும் எண்ணுக்குக் கிட்டத்தில் வந்தால் போதும். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் கழுவிப் பயனில்லை.

எங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "மண்ணுக்குப் போய் காசு குடுப்பாங்களா?" என்பார். ஊரில் கிணற்றடி மேட்டுப்பாத்தியில் நாற்று விட்டவர். அங்கே அது சரிதான், தண்ணீர் பக்கவாட்டில் வடிந்துவிடும். அதே மண்ணைக் குழித்தட்டில், அதாவது நாற்று விடும் பிளாஸ்டிக் தட்டில், சின்னக் குழிக்குள் அடைத்தால் நாலு நாளில் செங்கல். நாற்றைப் பிடுங்கும்போது வேர் பாதி அறுந்து வரும். கோகோபீட்டில் குழி வடிவத்திலேயே வேரோடு கழன்று வரும். நான் அதற்குக் காசு கொடுப்பதே இதற்காகத்தான்.

செலவும் பெரிதில்லை. 5 கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் பொங்கும். 98 குழித் தட்டு ஒன்றுக்கு மூன்று லிட்டர் தாராளம். ஊறிய கட்டியில் மிஞ்சியதைக் காயவைத்துப் பத்திரப்படுத்தினால் வீட்டுத் தோட்டத்துக்குப் பல பட்டம் ஓடும். பெரிய பைகளையும் கடைக் கலவையால் நிரப்பப் பார்த்தால்தான் பர்ஸ் காலி. பெர்லைட், வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகள்கள் சேர்த்து வரும் விலை உயர்ந்த பாக்கெட்டுகளும் நல்லவைதான்; தக்காளிக்கும் மிளகாய்க்கும் அவ்வளவு தேவையில்லை.

கோகோபீட்டில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, அதில் நாற்று வளரப் போதுமான சத்து கிடையாது. முளைக்கும்வரை விதைக்குள் இருப்பதே போதும். உண்மையான இலை விட்டதும் பசிக்கும். அதனால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு சலித்த மண்புழு உரமும், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும், நோய்க்கிருமியை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கொஞ்சமும் முன்பே கலந்துவிடுகிறேன். இன்னொன்று, மேல்பரப்பு வெளுத்துக் காய்ந்த மாதிரி தெரியும், அடியில் சொதசொதவென்று இருக்கும். கண்ணை நம்பித் தண்ணீர் ஊற்றினால் மறுபடி நாற்றழுகல்தான். தட்டைத் தூக்கிப் பாருங்கள், கனம் குறைந்திருந்தால் மட்டும் பூவாளியால் தெளியுங்கள்.

நாற்று எடுத்த பிறகு மிஞ்சும் கலவை பெரிய தொட்டிகளுக்குப் போய்விடும். நாற்று அழுகிய குழியில் இருந்ததை மட்டும் மறுபடி எடுப்பதில்லை.