பிபிடி (பிசியோதெரபி இளங்கலை) முடித்துவிட்டேன். அமெரிக்கக் கல்லூரியில் ஹெட் அத்லெட்டிக் டிரெய்னர் ஆக முடியுமா? ஜிம் மாஸ்டர் மாதிரி வேலைதானே?

உங்கள் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. இது ஜிம் மாஸ்டர் வேலை இல்லை, விளையாட்டு வீரர்களின் காயங்களையும் அவசர நிலைகளையும் கவனிக்கும் வேலை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990-லேயே இதை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஊரில் இன்னும் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

பிபிடி மட்டும் போதாது. இங்கே அங்கீகாரம் பெற்ற முதுகலைப் படிப்பு, அப்புறம் பிஓசி என்ற சான்றிதழ் வாரியத்தின் தேர்வு, பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ். நானும் பிபிடிதான். உதவியாளராக ஆறு வருடம் கணுக்காலுக்கு டேப் சுற்றிய பிறகே ஹெட் பதவி வந்தது.

ஹெட் ஆன முதல் ஆகஸ்ட். அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியில் 130 கிலோ பையன் ஒருவன் தள்ளாடினான். என்ன கிழமை என்று கேட்டேன், கெட்ட வார்த்தையில் திட்டினான். அதிர்ந்து பேசாத பையன் அவன். நிழலில் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்றார் கோச். வெயில் தாக்கியவனுக்கு நெற்றியிலும் வாயிலும் பார்க்கும் சூட்டை நம்பக்கூடாது, ஆசனவாயில்தான் பார்க்க வேண்டும். 41.6 டிகிரி செல்சியஸ். விடிகாலையிலேயே நிரப்பி வைத்திருந்த ஐஸ் தொட்டியில் ஆறு பேர் சேர்ந்து இறக்கினோம். அக்குளுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தலை முங்காமல் நான் பிடித்துக்கொண்டேன். உடம்பை ஒட்டிய தண்ணீர் சூடாகிவிடும் என்பதால் ஒருவர் கலக்கிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் உடனே ஏற்றச் சொன்னார்கள். நான் விடவில்லை. முதலில் குளிர்விக்க வேண்டும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. டீம் டாக்டர் கையெழுத்திட்ட தாளைக் காட்டினேன். பதினான்காவது நிமிடம் 38.9. பல் கிடுகிடுக்க என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

ஆம்புலன்ஸை நிறுத்தி வைத்தது திமிர் என்று யாராவது எழுதலாம். 2018-இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயது வீரர் பயிற்சியில் இப்படித்தான் சுருண்டார். அவரை ஐஸ் தண்ணீரில் இறக்கவில்லை. இரண்டு வாரத்தில் இறந்துபோனார். அதைப் படித்த நாளிலிருந்து தொட்டி நிரம்பாமல் நான் பயிற்சியைத் தொடங்க விட்டதில்லை.

அதனால் நேர்காணலில் சம்பளத்துக்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: நான் யாருக்குக் கீழே, கோச்சுக்கா, டாக்டருக்கா? கோச்சுக்கு என்றால் அந்த வேலை வேண்டாம்.

சம்பளம் பிசியோதெரபிஸ்டை விடக் குறைவுதான், மறைக்கவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வருடம் முழுக்கக் காசு கட்டி வைத்திருக்கும் எங்கள் பார்க்கிங் இடத்தை மேட்ச் நாளில் நன்கொடையாளர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். விடிகாலை இருட்டில் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் நடக்கிறோம். நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன், பதில் இல்லை. இந்த சீசனுக்கு முன்னால் நான்காவதும் போகும்.