அரசு வேலை மாறியவர்கள் ஓய்வூதியத்தை எப்போது எடுப்பது?

மலேசியாவின் பினாங்கில் அரசு அலுவலகம் ஒன்றின் சம்பளப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஓர் அரசு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள் ஓய்வூதியத்தையும் ஊழியர் சேமநிதியையும் (இபிஎஃப்) பற்றி அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

செந்தூல் வாசகி: அரசு மருத்துவமனையில் 18 ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன், வயது 43. சட்டப்பூர்வ வாரியம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. பழைய ஆண்டுகள் என்ன ஆகும்?

அம்மா, இதற்கான விடை நீங்கள் பழைய வேலையை எப்படி விட்டு வருகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. ‘பதவி விலகுகிறேன்’ என்று கடிதம் கொடுத்துவிட்டு வெளியேறினால், அந்த 18 ஆண்டுகளுக்கு உரிய ஓய்வூதியத் தகுதி அதோடு முடிந்துவிடும். மாறாக, ‘பெலெப்பாசான் டெங்கான் இசின்’ என்று நம் அலுவலகங்களில் சொல்லப்படும் அனுமதியுடனான விடுவிப்பைப் பெற்றுக்கொண்டு, ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள வாரியத்தில் சேர்ந்தால், பழைய சேவையும் புதிய சேவையும் ஒரே தொடர்ச்சியாகக் கணக்கிடப்பட வழியுண்டு. புதிய இடத்தார் உங்களைத் தொடர்சேவை உள்ளவராக ஏற்கிறார்களா, புதிதாகச் சேர்பவராகக் கருதிச் சேமநிதிக்கு மாற்றுகிறார்களா என்பதை நியமனக் கடிதத்தில் எழுத்தில் வாங்கிய பிறகே பழைய இடத்துக்குக் கடிதம் கொடுங்கள். “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி வந்த ஒருவருக்கு, பதினோர் ஆண்டுச் சேவையை மீட்டுத் தர முடியாமல் நான் கைகட்டி நின்றிருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர்: 1996இல் அரசு வேலையில் சேர்ந்தேன். 45 வயதில் விருப்ப ஓய்வு பெற்று இப்போது தனியார் நிறுவனத்தில் இருக்கிறேன். ஓய்வூதியத்தை முன்னதாகக் கேட்கலாமா?

கேட்க முடியாது, ஐயா. விருப்ப ஓய்வு பெற 40 வயதும் 10 ஆண்டுச் சேவையும் போதும் என்றாலும், 1991 ஏப்ரல் 12 அன்றோ அதற்குப் பின்னரோ நியமிக்கப்பட்டவர்களுக்கு மாத ஓய்வூதியம் 55 வயதில்தான் தொடங்கும். ஓய்வின்போது ஒரே தொகையாகத் தரப்படும் பணிக்கொடை உடனே கிடைத்துவிடுவதால், மாதத் தொகையும் அடுத்த மாதமே வந்துவிடும் என்று பலர் நம்பி வீட்டுக் கடன் வாங்கிவிடுகிறார்கள்.

கணக்கு இதுதான்: கடைசி அடிப்படைச் சம்பளத்தைச் சேவை மாதங்களால் பெருக்கி 600ஆல் வகுக்க வேண்டும். நீங்கள் 23 ஆண்டுகள், அதாவது 276 மாதங்கள் பணியாற்றி, 4,000 ரிங்கிட் சம்பளத்தில் வெளியேறியிருந்தால் மாதம் 1,840 ரிங்கிட். பணிக்கொடை, சேவை மாதம் ஒவ்வொன்றுக்கும் கடைசிச் சம்பளத்தில் 7.5 விழுக்காடு என்ற கணக்கில் 82,800 ரிங்கிட். இப்போது தனியாரில் எவ்வளவு வாங்கினாலும் இந்தத் தொகை அதனால் உயராது.

கெடா எல்லையோரம் வசிக்கும் ஆசிரியர்: 24 வயதில் சேர்ந்தேன். 54இல் விலகுவதா, 60 வரை இருப்பதா?

உச்ச ஓய்வூதியத்துக்கு வேண்டிய 360 மாதங்களை நீங்கள் 54 வயதிலேயே தொட்டுவிடுகிறீர்கள். ஓய்வூதியத்தின் உச்ச அளவு கடைசிச் சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்கு என்பதால், அதற்குப் பிறகு மாதங்கள் சேர்ந்தாலும் விகிதம் உயராது. சம்பள உயர்வு மட்டுமே தொகையை உயர்த்தும். உடல் ஒத்துழைக்கவில்லை என்றால், விகிதத்துக்காகப் பொறுத்திருக்க வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: எனக்கு 55 நிறைகிறது. ஓய்வூதியம் தனியாக வருகிறது. அரசில் சேருமுன் தனியாரில் வேலை செய்தபோது சேர்ந்த சேமநிதியும் இருக்கிறது. முழுவதையும் எடுத்துவிடட்டுமா?

வயது வந்துவிட்டது என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். 55இல் முழுவதாகவும் எடுக்கலாம், பகுதியாகவும் எடுக்கலாம்; எடுக்காமல் விட்டால் 100 வயது வரை இலாப ஈவு சேர்ந்துகொண்டே இருக்கும். 2023க்கு வழக்கமான (ஷரியா அல்லாத) கணக்கில் 5.50 விழுக்காடும், 2024க்கு 6.30 விழுக்காடும் வழங்கப்பட்டன. சட்டம் உறுதி சொல்வது 2.5 விழுக்காட்டுக்குத்தான் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆண்டுக்கு 5 விழுக்காடு என்றே வைத்துக்கொண்டாலும் 100,000 ரிங்கிட் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 127,600 ஆகிவிடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கடன் அட்டைக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி கட்டிக்கொண்டிருப்பவர், அந்தக் கடனுக்கு வேண்டிய தொகையை மட்டும் எடுத்து முதலில் அடைப்பதே சரி. பிள்ளையின் திருமணத்துக்கு என்றால், திருமணத் தேதி முடிவான பிறகு எடுங்கள். கையில் வந்த பணம் தேதி வரை அப்படியே நிற்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. மாத ஓய்வூதியம் அன்றாடச் செலவைத் தாங்குகிறதா என்று ஆறு மாதம் கணக்கு எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஜெலுத்தோங் வாசகர்: அரசு வேலையில் சேர்ந்த தொடக்கத்தில் என் பெயரில் சேமநிதி கட்டினார்கள். பிறகு ஓய்வூதியத் திட்டத்தைத் தேர்ந்தேன். அந்தப் பணம்?

அரசு கட்டிய பங்கு ஓய்வூதிய நிதிக்குத் திரும்பிவிடும். நீங்கள் கட்டிய பங்கு உங்களுடையது.

பட்டர்வொர்த் வாசகர்: வேலை மாறும் முன் கையில் என்ன ஆவணம் இருக்க வேண்டும்?

உங்கள் பணிப் பதிவேட்டில் உள்ள சேவை அறிக்கையின் நகல். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படியுங்கள். நியமனம், பணி உறுதிப்பாடு, சம்பள மாற்றம், சம்பளமற்ற விடுப்பு என வரிசையாக இருக்கும். ஓரத்தில் அதிகாரியின் சிறு கையொப்பம் இருக்க வேண்டும். சம்பளமற்ற விடுப்பு பொதுவாகச் சேவையில் சேராது. ஒரு முறை, ஓர் ஊழியரின் பதிவேட்டில் பசை ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்களைப் பிரித்தபோது, விடுப்பிலிருந்து திரும்பிய தேதியே உள் பக்கத்தில் மறைந்திருந்ததைக் கண்டேன். நான்கு மாதங்கள் அப்படியே விடுபட்டிருந்தன. அந்தத் திருத்தத்துக்கு, பழைய அலுவலகத்தில் அவரை அறிந்த எழுத்தர் இன்னும் பணியில் இருந்ததுதான் உதவியது. நீங்களும் உங்களை அறிந்தவர்கள் அங்கே இருக்கும்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே சேமநிதியில் யாரைப் பயனாளராகப் பெயர் கொடுத்தீர்கள் என்பதையும் பாருங்கள். மணமாகாத காலத்தில் தாயாரின் பெயரை எழுதிவிட்டு, அவர் காலமான பிறகும் மாற்றாமல் விட்டவர்கள் நம்மில் பலர்.