எண்ணுவதா, நிறுப்பதா? ஆங்கில இலக்கணக் கேள்வி-பதில்

புளியரையிலிருந்து தினமும் புனலூருக்கு வேலைக்குப் போகிறேன். மெயிலில் 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதினேன், மேனேஜர் திருத்திவிட்டார். பல தகவல்கள் இருக்கும்போது 'எஸ்' ஏன் வரக்கூடாது?

நீங்கள் தமிழில் யோசித்தது சரி, சிக்கலே அங்கேதான். தகவல்கள், அறிவுரைகள் என்று நாம் தாராளமாகக் 'கள்' சேர்க்கிறோம், அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் கூடவே வந்துவிடுகிறது. தினமும் கேரள எல்லை தாண்டுகிறீர்கள், பார்த்திருப்பீர்கள்: செங்கோட்டைக் கடையில் தேங்காய் ஒன்று இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பார்கள், ஆரியங்காவு தாண்டினால் அதே தேங்காயைத் தராசில் வைத்துக் கிலோ கணக்குப் போடுவார்கள். காய் ஒன்றுதான், வழக்கம்தான் வேறு. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க் எல்லாம் ஆங்கிலத்தில் தராசுச் சொற்கள், அதாவது எண்ண முடியாதவை. அதனால் 'எஸ்' சேராது; 'மெனி' வராது, 'மச்' வரும். 'அன் இன்ஃபர்மேஷன்' என்பதும் தவறு. எண்ணியே ஆகவேண்டும் என்றால் 'எ பீஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்', 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்' என்று எழுதுங்கள்.

புதுக்கடைக்குப் போர்டு எழுதப் போகிறோம். 'ஃபர்னிச்சர்ஸ்' போடலாமா?

வேண்டாம், 'ஃபர்னிச்சர்' போதும். பெயின்ட் அடிக்கும் முன்னே கேட்டீர்களே, ரொம்ப சந்தோஷம். சேர்ஸ், டேபிள்ஸ் என்று தனித்தனியாக எழுதினால் 'எஸ்' தாராளமாக வரலாம்.

தலைமுடிக்கு 'ஹேர்ஸ்' என்று எழுதிய மகளுக்கு மார்க் போய்விட்டது. அந்தச் சொல்லே கிடையாதா?

இருக்கிறது. தலை முழுக்க உள்ளது 'ஹேர்'. சோற்றில் ஒன்று கிடந்தால் 'எ ஹேர்', இரண்டு கிடந்தால் 'டூ ஹேர்ஸ்'.

ஓட்டலில் 'டூ காஃபீஸ்' என்று கேட்பது தப்பா?

இல்லவே இல்லை. அங்கே நீங்கள் எண்ணுவது கப்பை. மூட்டையில் வாங்கும் காபித்தூளுக்கு மட்டும் 'எஸ்' சேர்க்காதீர்கள்.

'ரைஸ்' எண்ண முடியாத சொல், 'கிரீன் பீஸ்' மட்டும் பன்மை. அரிசியும் பட்டாணியும் மணிகள்தானே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பட்டாணிக்கான அந்தச் சொல்லும் முன்பு 'ரைஸ்' மாதிரிதான் இருந்தது; கடைசியில் வரும் 'ஸ்' ஒலி சொல்லோடு பிறந்தது, பன்மை விகுதி இல்லை. கேட்டவர்கள் பன்மை என்று நினைத்து அந்த 'ஸ்'ஸை வெட்டி, ஒற்றைப் பட்டாணிக்கென்று புதிதாக ஒரு ஒருமைச் சொல்லை உண்டாக்கினார்கள், 17ஆம் நூற்றாண்டு வாக்கில் அது நிலைத்தும் விட்டது. தராசில் இருந்த ஒரு சொல்லை எண்ணிக்கைப் பக்கம் இழுத்து வந்தவர்கள் ஆங்கிலம் பேசியவர்களேதான்.

'நியூஸ்' வந்தால் 'இஸ்' போடவா, 'ஆர்' போடவா?

'இஸ்'. எப்போதும்.