நித்யகல்யாணிக்கு மரபணு மாற்று விதை வாங்கலாமா?

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு மானாவாரி விவசாயி கேட்கிறார்: "நித்யகல்யாணி போட்டு வருகிறேன். மருந்துச் சத்து இரண்டு மடங்கு இருக்கும், மரபணு மாற்றிய விதை என்று ஒரு வியாபாரி நல்ல விலை சொல்கிறார். நம்பி வாங்கலாமா?"

வாங்காதீர்கள். இந்தியாவில் விவசாயிகள் சட்டப்படி வாங்கிப் பயிரிடும் மரபணு மாற்றுப் பயிர், 2002-ல் அனுமதி பெற்ற பிடி பருத்தி மட்டும்தான். எந்த மூலிகைக்கும் அப்படி ஓர் அனுமதி இல்லை. அந்த விதை ஒன்று சாதாரண விதையாக இருக்கும், இல்லை சட்டவிரோதமானதாக இருக்கும். இரண்டிலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. நித்யகல்யாணி இலையிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் வருகின்றன. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். இலையில் மருந்து ஏன் இவ்வளவு குறைவு? காதரந்தின், வின்டோலின் என்ற இரண்டு பொருள்கள் சேர்ந்தால்தான் அந்த மருந்து உருவாகும். முதலாவது இலையின் மேல் படிந்த மெழுகில் இருக்கிறது. மற்றது இலைக்குள் செல்களில் அடைபட்டிருக்கிறது. இரண்டும் சந்திப்பதே அபூர்வம். அதற்கு முன்னால் வேறு வேறு வகைச் செல்களில் பல வேதிப்படிகள் நடந்தாக வேண்டும். ஒரு மரபணுவை முடுக்கிவிட்டால் வேலை அடுத்த படியில் தேங்கிவிடுகிறது. அதனால்தான் 2022-ல் ஒரு விஞ்ஞானிகள் குழு, செடியின் மரபணுக்களை ஈஸ்ட்டில் புகுத்தி அந்த இரண்டு பொருள்களையும் தயாரித்து, ஆய்வகத்தில் இணைத்துக் காட்டியது. எனக்கு இந்த வழியில்தான் அதிக நம்பிக்கை.

சரி, உங்கள் வயலுக்கு என்ன செய்யலாம்? லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணப் பயிர்கள் நிறுவனம் வெளியிட்ட நிர்மல், தவள் என்ற வெள்ளைப்பூ ரகங்கள் இருக்கின்றன. அவற்றை விசாரித்துப் பாருங்கள். இலையை விதைத்த ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் பறித்து நிழலில் உலர்த்துங்கள். பன்னிரண்டாம் மாதம் வேரோடு எடுங்கள். வேரில் இருக்கும் அஜ்மலிசின் என்ற மருந்துப் பொருளுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆகவே வேரையும் இலையையும் கலக்காதீர்கள். வாங்குபவர் சத்து அளவு பார்த்து விலை தருவாரா, எடை பார்த்து மட்டுமா என்பதை விதைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எடைக்கு மட்டும் என்றால், சத்து கூடிய ரகத்துக்கு அதிகம் செலவழிப்பதில் பயனில்லை.

அப்புறம், சர்க்கரை நோய்க்கு என்று இதன் பூவையோ இலையையோ கஷாயம் வைத்துக் குடிக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். 1950-களில் கனடாவில் சர்க்கரைக்காக இந்த இலைச்சாற்றைச் சோதித்தபோது எலிகளுக்கு நோயை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள்தான் சரிந்தன.